லவ் டுடே: மறுமுனையில் யார்?

ஸ்மார்ட்போன் நம் உறவுகளை என்ன செய்கிறது என்று தமிழில் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது 'லவ் டுடே' படத்தை இழுத்துவிடுகிறார்கள். 2022 நவம்பர் 4ல் வந்த படம். பிரதீப் ரங்கநாதன் எழுதி, இயக்கி, தானே நாயகனாக நடித்தது. நல்ல ஓட்டம். 2025ல் 'லவ்யாப்பா' என்ற பெயரில் இந்திக்கும் போனது. படம் வந்து இத்தனை நாளாகியும் கல்யாணப் பந்தியிலும் ஆபீஸ் கேண்டீனிலும் "அப்ப போனை மாத்திக்கலாமா?" என்ற கேலி ஓயவில்லை. ஒரு படம் இப்படிச் சொலவடையாக மாறிவிட்டால் அதை மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் நாம் யோசிக்கிற வழியையே அந்தச் சொலவடை போட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'லவ் டுடே' சாமர்த்தியமாக எழுதப்பட்ட படம். ஆனால் போனிடம் அது கேட்கிற கேள்வி சரியில்லை. "உள்ளே என்ன ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை நாம் வீட்டுக்குள் கொண்டுவந்தால் உறவு சரியாகாது. வீட்டுக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன்தான் வரும்.

தோண்டாதே என்று தோண்டிக் காட்டும் படம்

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. உத்தமன் பிரதீப் ஐடி வேலையில் இருக்கும் பையன். நிகிதாவைக் காதலிக்கிறான். நிகிதாவின் அப்பா வேணு சாஸ்திரி (சத்யராஜ்) காதலை எதிர்த்துக் கத்தவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போடுகிறார்: ரெண்டு பேரும் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகும் கல்யாணம் வேண்டும் என்றால் எனக்குச் சம்மதம். பிறகு நடப்பதை ஊகிக்கலாம். பழைய காதல், பாதி மறைத்த பயணம், நண்பர்களோடு அடித்த கமென்ட், அழிக்க மறந்த சாட் என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. பிரதீப் முன்பு எடுத்த 'அப்பா லாக்' என்ற குறும்படத்தின் விரிவு இது. ஆப், அப்பா என்ற சிலேடை அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. பூட்டு யார் கையில் என்பதும்.

படம் ஒரு மாங்கொட்டையில் ஆரம்பிக்கிறது. சின்னப் பையன் கொட்டையைப் புதைத்துவிட்டு, முளைத்ததா என்று தோண்டித் தோண்டிப் பார்க்கிறான். அம்மா சொல்வது ஒன்றுதான்: நம்பிக்கை வை, விடு. படத்தின் நீதி அதுதான். அழகான நீதி. ஆனால் படம் நமக்குத் தரும் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டரை மணி நேரமும் அது தோண்டிக்கொண்டேதான் இருக்கிறது. தியேட்டர் சிரித்தது அடுத்தவர் சாட்டைப் படித்ததற்கு. கடைசியில் 'தோண்டாதே' என்று சொன்னால், நீதி வாயில் நிற்கிறது, ருசி கையில் நிற்கிறது. வீட்டுக்குப் போன பிறகு நினைவில் தங்கியது எது என்று அந்த கேண்டீன் கேலியே சொல்லிவிடுகிறது. யாரும் "மாங்கொட்டையைத் தோண்டாதே" என்று கேலி செய்வதில்லை.

படத்தின் சிறந்த பகுதி நாயகன், நாயகியிடம் இல்லை. நாயகனின் அக்கா திவ்யாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை டாக்டர் யோகியிடம் இருக்கிறது. யோகி பாபு நடித்தது. அவர் போனை யாரும் தொடக்கூடாது. திவ்யாவுக்குச் சந்தேகம், நமக்கும் சந்தேகம். கடைசியில் தெரிகிறது: உள்ளே வேறு பெண் இல்லை. அவருடைய உருவத்தைக் கேலி செய்து பிறர் அனுப்பியவை இருக்கின்றன. கட்டிக்கப்போகிறவள் அதைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அந்த மனிதர் போனைக் கட்டிக் காத்திருக்கிறார். இந்த ஒரு கிளைக்கதை முழுப் படத்தின் அடிப்படையையும் தட்டிவிடுகிறது. ஒளிப்பவர் எல்லாம் துரோகி இல்லை, ரகசியம் வேறு, காயம் வேறு என்று அது சொல்கிறது. எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மையக்கதையை அந்தப் பக்கம் திருப்பவில்லை.

உலகமே ஒரே பெட்டியைத்தான் திறக்கிறது

இது தமிழுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. 2016ல் பாவ்லோ ஜெனோவேசே இயக்கிய 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்ற இத்தாலியப் படம் இருக்கிறது. நண்பர்கள் ஏழு பேர் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். எல்லோர் போனும் மேஜைமேல். வருகிற அழைப்பை ஸ்பீக்கரில் போட வேண்டும், மெசேஜை உரக்கப் படிக்க வேண்டும். சாப்பாடு முடிவதற்குள் குடும்பங்கள் சிதறிவிடும். உலகிலேயே அதிக முறை ரீமேக் செய்யப்பட்ட படம் என்று கின்னஸில் இடம்பிடித்தது. 'லவ் டுடே' வந்த அதே 2022ல், மே மாதம், ஜீத்து ஜோசப் மோகன்லாலை வைத்து எடுத்த '12த் மேன்' என்ற மலையாளப் படத்திலும் இதே விளையாட்டு ஒரு கொலைக்கதைக்கு வாசலாக வருகிறது.

இத்தனை மொழிகளில் இத்தனை பேர் ஒரே விதமாக யோசித்திருக்கிறார்கள் என்றால் காரணம் எளிது. போனை ஒரு பூட்டிய பெட்டியாகப் பார்த்தால் திரைக்கதை தானாக வந்துவிடும். பெட்டி, பூட்டு, சாவி, திறக்கும் கணம். நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்? ஒருவர் இரண்டு மணி நேரம் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருப்பதையும் பக்கத்தில் அவர் மனைவி பேசிவிட்டுப் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வதையும் யார் படமாக எடுப்பார்? அதில் திருப்பம் கிடையாது. ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இந்தத் திருப்பம் இல்லாத கதைதான்.

தமிழ் சினிமா எப்போதும் இப்படி இல்லை. 1996ல் அகத்தியன் 'காதல் கோட்டை' எடுத்தபோது, ஊட்டியில் ஒருத்தி, ஜெய்ப்பூரில் ஒருத்தன், நடுவில் கடிதமும் தொலைபேசியும் மட்டும். முகம் பார்க்காமலே காதல். அதற்கு அகத்தியனுக்கு இயக்குநருக்கான தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் படத்தில் கருவி ஒரு பாலம். இருபத்தாறு வருஷத்தில் பாலம் பாம்புப் புற்றாகிவிட்டது. இடையில் கருவியும் மாறியது என்பது உண்மை. அது எப்படி மாறியது என்பதைத்தான் இந்தப் பெட்டி உவமை பார்க்க விடுவதில்லை.

சோதனை எல்லோருக்கும் ஒன்றா?

பெட்டி உவமைக்கு இன்னொரு விலை உண்டு. படத்தில் அப்பா போடும் நிபந்தனை வெளிப்பார்வைக்கு நியாயமானது: ரெண்டு பேரும் மாற்றிக்கொள்ளுங்கள், சமம். ஆனால் விளைவு சமமாக இருப்பதில்லை என்று படமே காட்டுகிறது. நிகிதாவின் முகத்தை ஒட்டி ஒரு ஆபாச வீடியோ பரவுகிறது. சுற்றியுள்ளவர்கள் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உத்தமன் அவள் பக்கம் நிற்பது படத்தின் நேர்மையான இடம். ஆனால் இதே படத்தில் நாயகன் செய்தவை 'பசங்க விளையாட்டு' என்ற கணக்கில் கரைவதும், நாயகி செய்தவை 'கேரக்டர்' என்ற கணக்கில் சேர்வதும் நடக்கிறது.

திரைக்கு வெளியே இன்னும் கடினம். 2019–21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் மொபைல் வைத்திருப்பவர்கள் சுமார் 54 சதவீதம்தான். மீதிப் பேர் அண்ணன் போன், அப்பா போன், புருஷன் போன் என்று கடன் வாங்கிப் பேசுகிறவர்கள். அவர்களுக்குப் 'போன் மாற்றல்' என்பது ஒரு நாள் நிபந்தனை கிடையாது, தினசரி வாழ்க்கை. போன் இருக்கிற பெண் பிள்ளைகளிலும் பலர் கடவுச்சொல்லை வீட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். 'லவ் டுடே' பார்த்துவிட்டு வந்த ஒரு தகப்பனுக்கு வேணு சாஸ்திரி வில்லனாகத் தெரியமாட்டார். பக்குவமான, கத்தாத, புத்திசாலி அப்பாவாகத்தான் தெரிவார். எனக்கு உறுத்துவது இதுதான். பரிசோதனைக்குப் படம் ஒரு மரியாதையான முகத்தைக் கொடுத்துவிட்டது.

என் தொழில் புத்தியில் ஒரு சின்ன உதாரணம். ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தரவு அனுப்பினால், 'வந்து சேர்ந்தது' என்று பதில் வரும். அதை நாங்கள் 'ஆக்' என்போம். வந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. படித்தார், புரிந்துகொண்டார், மனதில் வைத்தார் என்பதற்கெல்லாம் சாட்சி கிடையாது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்தது. இயந்திரங்களுக்குள் இருந்த இந்த ஒப்புகைச் சீட்டு அப்போது மனிதர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. 'நீல டிக் வந்திருக்கு, பதில் வரல' என்பது இன்று ஒரு குற்றப்பத்திரிகை. திரை திறந்தது என்பதை, என்னை மதிக்கவில்லை என்று படிக்கிறோம். பரிசோதனை மனசு இப்படித்தான் வளரும். தகவல் கூடக் கூடச் சந்தேகமும் கூடும்.

இடைவேளை இல்லாத படம்

சரி, பெட்டி இல்லை என்றால் போன் என்ன? எங்கள் தொழில் அதை ஒரு குழாயாகத்தான் பார்க்கிறது. தினம் எத்தனை பேர் திறந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அளந்து, அந்த எண்ணைக் கூட்டுவதற்கான மாற்றங்களை இரண்டு குழுக்களாகப் பிரித்துச் சோதித்து, ஜெயித்ததை வைத்துக்கொள்வது. இதில் சதி ஒன்றும் இல்லை, அன்றாட வேலை. ஆனால் அந்த அன்றாட வேலையின் மொத்த விளைவுதான் நம் மாலை நேரம்.

ஒரே ஒரு வசதியை எடுத்துக்கொள்வோம். 2006ல் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் 'இன்ஃபினிட் ஸ்க்ரோல்' என்ற முறையைச் செய்தார். அதற்கு முன்பு இணையத்தில் பக்கம் முடியும், 'அடுத்த பக்கம்' என்று அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டால் வாசகருக்குச் சுலபம் என்பது எண்ணம். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். ஏன் என்று புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டுக்காரனுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவையில்லை. நம் படங்களில் இடைவேளை உண்டு. விளக்கு எரியும், கதவு திறக்கும். எழுந்து போகலாமா, இருக்கலாமா என்று ஒரு நொடி நாம் முடிவெடுப்போம். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்போம். 'எப்படிப் போகுது?' என்று கேட்போம். இன்ஃபினிட் ஸ்க்ரோல் என்பது இடைவேளை இல்லாத படம். முடிவெடுக்க வேண்டிய அந்த நொடி எடுக்கப்பட்டுவிட்டது. அந்த நொடியில்தான் பக்கத்திலிருந்தவர் இருந்தார்.

'டிவி வந்தபோதும் இப்படித்தான் புலம்பினார்கள்' என்பது நியாயமான மறுப்பு. பதில் சொல்லியாக வேண்டும். 2006ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோதும் வீடு கெட்டுவிடும் என்றார்கள். கெட்ட வீடுகளும் இருக்கலாம். ஆனால் டிவி வீட்டுக்கு ஒன்று. ரிமோட்டுக்குச் சண்டை போட்டோம். சண்டை போட ஆள் பக்கத்தில் இருந்தார்கள். சீரியல் மாமியாரைத் திட்டும்போது நிஜ மாமியாரும் அதே சோபாவில் இருந்தார். போன் ஆளுக்கு ஒன்று. ரிமோட் சண்டை ஒழிந்தது, கூடவே பேச்சும் போனது. இது ஒழுக்கச் சிதைவு என்று நான் சொல்லவில்லை. திரையின் எண்ணிக்கை மாறியதால் அறையின் அமைப்பு மாறியது, அவ்வளவுதான்.

மேஜைமேல் போன் சும்மா இருந்தாலே பேச்சின் நெருக்கம் குறைகிறது என்று 2012ல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு வந்து பிரபலமானது. பின்னால் அதைத் திருப்பிச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு அப்படியே கிடைக்கவில்லை. ஆகவே அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு பயமுறுத்த வேண்டாம். நிஜமாகவே கட்டுப்பாடு இழந்தவர்களுக்கு மருத்துவம் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014லேயே 'ஷட் கிளினிக்' என்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். நான் பேசுவது நோயாளிகளைப் பற்றி இல்லை. நன்றாக இருக்கிற, நல்லவர்களாகவும் இருக்கிற நம் வீடுகளைப் பற்றி.

பழைய காலம் என்ற தப்பித்தல்

இதே பிரதீப் ரங்கநாதன் இதற்கு முன், 2019ல், 'கோமாளி' எடுத்தார். 1999 டிசம்பர் 31ல் கோமாவுக்குப் போன நாயகன் பதினாறு வருஷம் கழித்து 2016ல் எழுகிறான். போனுக்குள் தலை கவிழ்ந்த ஊரைப் பார்த்துத் திகைக்கிறான். கடைசியில் வெள்ளம் வருகிறது, மனிதர்கள் கைகொடுத்துக்கொள்கிறார்கள், மனிதம் சாகவில்லை என்று படம் முடிகிறது. 'லவ் டுடே' பெட்டியைத் திறக்கச் சொன்னது என்றால், 'கோமாளி' பெட்டியே இல்லாத காலத்தை நினைத்து ஏங்கியது.

ஏக்கம் இனிமையானது. ஆனால் அது சொல்லும் கணக்கு நம் அனுபவத்தோடு ஒத்துப்போகவில்லை. நம் நிஜ வெள்ளம் 2015 டிசம்பர். அப்போது சென்னையில் யாருக்குப் படகு வேண்டும், எந்த வீட்டு மாடியில் இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் 'சென்னை ரெயின்ஸ்' ஹேஷ்டேகிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும்தான் ஓடியது. பல இடங்களில் டவர் செத்துப்போனது, அதுவே பெரிய பயமாக இருந்தது. கைகொடுத்த கைகளில் போனும் இருந்தது. ஆகவே 'போன் வந்தது, மனிதம் போனது' என்ற சமன்பாடு நிற்காது. ஷங்கரின் '2.0'வில் ஊரில் உள்ள போன்களெல்லாம் பறந்து போகும். போன் இல்லாத மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்க எவ்வளவு நல்ல வாய்ப்பு! படம் பறவைக்கும் டவர் கதிர்வீச்சுக்கும் போய்விட்டது.

ஏழு மணிச் சங்கு

'லவ் டுடே' வருவதற்கு மூன்று மாதம் முன்னால், 2022 ஆகஸ்டில், மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒரு கிராமம் வேறொரு கேள்வியைக் கேட்டது. மோஹித்யான்சே வட்காவ். மூவாயிரம் பேர் அளவுக்கான ஊர். கொரோனாக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று பிள்ளைகள் கைக்குப் போன் போனது, பள்ளி திறந்த பிறகும் திரும்பி வரவில்லை. ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. தினம் மாலை 7 மணிக்கு சைரன் ஊதும். ஊரில் டிவியும் போனும் அணைய வேண்டும். 8.30க்கு மறுபடி ஊதும், போட்டுக்கொள்ளலாம். முதலில் தயங்கியவர்கள் உண்டு. அங்கன்வாடி ஊழியர்களும் ஆஷா பணியாளர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார்கள்.

இதை 'லவ் டுடே'யின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்காவ் யாருடைய கடவுச்சொல்லையும் கேட்கவில்லை. யார் யாரோடு பேசினார்கள் என்று தோண்டவில்லை. சந்தேகப்படவே இல்லை. ஊர் கேட்டது ஒன்றரை மணி நேரம் மட்டும். அதுவும் பிள்ளையிடம் மட்டும் கேட்கவில்லை, அப்பா, அம்மா, பாட்டி எல்லோரிடமும் கேட்டது. வேணு சாஸ்திரி தன் போனை யாரிடமும் கொடுக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? படத்தில் பரிசோதகர் பரிசோதனைக்கு வெளியே நிற்கிறார். சைரனுக்கு வெளியே யாரும் நிற்க முடியாது. ஒரு சங்கு, ஊருக்கெல்லாம் ஒரே இடைவேளை. எடுத்துவிட்ட இடைவேளையை அந்தக் கிராமம் கையால் திரும்பப் போட்டிருக்கிறது. வடிவமைப்பாளன் என்ற முறையில் எனக்கு அது மிக நேர்த்தியான தீர்வாகப் படுகிறது.

காக்களூரில் ஏழு மணி

ஆனால் அந்தச் சங்கை அப்படியே கொண்டுவந்து எங்கள் ஊரில் ஊத முடியுமா? முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் மீதி விஷயம் இருக்கிறது.

காக்களூர் திருவள்ளூரை ஒட்டிய ஊர். ஏரி ஒரு பக்கம், சிட்கோ தொழிற்பேட்டை ஒரு பக்கம். இங்கே பட்டறைகளிலும் சின்னச் சின்ன ஆலைகளிலும் வேலை செய்பவர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. பகல் ஷிஃப்ட் முடிந்த பிறகு தொழிற்பேட்டைச் சாலையில் நடந்து பார்த்தால் தெரியும். டீக்கடை பெஞ்சில், கல்வெர்ட் மேல், அறை வாசல் படியில் என்று ஆளுக்கொரு போன். பார்க்கிறவருக்கு 'எல்லாரும் போனுக்குள்ள' என்றுதான் தோன்றும். கிட்டே போனால் சத்தம் கேட்கும். ஒருவர் தட்டைக் கேமராவுக்குக் காட்டுகிறார்: இன்றைக்கு இதுதான் சாப்பாடு. ஒருவர் குழந்தையிடம் ஒரே வார்த்தையைப் பத்து முறை சொல்கிறார். வட்காவில் சைரன் ஊதும் அதே ஏழு மணிதான் இவர்கள் வீட்டுக்குப் போகும் நேரம். போன் வழியாகப் போகிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை அணைத்தால் ஒரு குழந்தைக்கு அப்பா அணைந்துவிடுவார்.

இன்னொரு உதாரணம் இதைவிடக் கனமானது. நம் பக்கம் போன் பயன்படுத்துகிற ஊர் மட்டும் இல்லை, செய்கிற ஊரும்கூட. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை ஓடியது. இப்போது பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்கிறார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், ஊரை விட்டு வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்பவர்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். போனவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. நூற்றுக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை என்பது பிறகு தெளிவானது. அந்த இரவை நினைத்துப் பாருங்கள். உலகத்துக்குப் போன் செய்து கொடுக்கிற கைகள். அவர்களுக்குத் தேவைப்பட்டது யாருடைய சாட்டும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் தூங்கியவள் உயிரோடு இருக்கிறாள் என்ற ஒரு பதில்.

ஆகவே 'எத்தனை மணி நேரம்' என்ற கேள்வியும் தனியாகப் போதாது. இப்போது எல்லாப் போனிலும் ஸ்க்ரீன் டைம் கணக்கு வருகிறது. அந்தக் கணக்கில் பீகார்க்காரர் மகளோடு பேசிய ஒரு மணி நேரமும், நான் திருவள்ளூரிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கல் ரயிலில் ரீல்ஸ் தள்ளிய ஒரு மணி நேரமும் ஒரே பட்டை. இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரியும்.

மறுமுனை

என்ன வித்தியாசம் என்று ஒரு வரியில் கேட்டால், மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்பதுதான்.

மிஸ்டு கால் காலம் ஞாபகம் இருக்கிறதா? பேசினால் காசு. ஊர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பதற்கு ஒரு மிஸ்டு கால், கீழே வந்து நிற்கிறேன் என்பதற்கு இரண்டு. அதில் ஒரு சொல்லும் கிடையாது, ஒரு பைசாவும் கிடையாது. ஆனால் ஆள் உண்டு. அந்தப் பக்கம் ஒருவர் அந்த மணிக்காகக் காத்திருந்தார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்தது. சொல் கொட்டியது, படம் கொட்டியது, வீடியோ கொட்டியது. கொட்டியதில் முக்கால்வாசிக்கு மறுமுனையில் ஆள் இல்லை. எனக்கு எது பிடிக்கும் என்று கணிக்கும் ஒரு நிரல்தான் இருக்கிறது. நான் அதை அணைத்தால் அது வருத்தப்படாது, நான் இல்லாமல் அதற்குச் சாப்பாடு இறங்காமல் போகாது. இந்த ஆளில்லாத முனை, ஆளுள்ள முனையின் நேரத்தைத் தின்கிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் ஒரு மறுமுனைதான். அவருக்கு நோட்டிபிகேஷன் அடிக்கத் தெரியாது. போட்டியில் அவர் தோற்பதற்கு அதுதான் காரணம்.

இந்த அளவுகோலால் அளந்தால் 'லவ் டுடே' எங்கே நிற்கிறது? அந்த ஒரு நாளில் இருவர் கையிலும் மற்றவரின் மொத்தக் கடந்தகாலமும் இருக்கிறது. பேசிக்கொள்வதெல்லாம் விசாரணையாகத்தான் இருக்கிறது. மறுமுனையில் ஆள் இருந்தும் அவரை விட்டுவிட்டு அவருடைய ஆவணங்களைப் படிக்கிறார்கள். திவ்யாவும் யோகியும் மட்டும்தான் கடைசியில் போனைத் தாண்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பிரதீப் ரங்கநாதன் அடுத்த முறை போனைப் பற்றி எழுதினால் அந்த ஜோடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம் வீட்டுக்கு என்ன? வட்காவின் சங்கு வேண்டாம், வேணு சாஸ்திரியின் நிபந்தனையும் வேண்டாம். சங்கின் பின்னால் இருந்த இரண்டு குணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, அது பெரியவர்களுக்கும் சேர்த்து. இரண்டு, அது நேரத்தைக் கேட்டது, ரகசியத்தைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு வந்தால் யாரும் எடுக்கலாம், தட்டைக் காட்டிக்கூடப் பேசலாம். தள்ளிப் பார்ப்பது மட்டும் கிடையாது. கேட்டால் ஒரே ஒரு கேள்வி: "அந்தப் பக்கம் யாரு?" ஆள் பெயர் வந்தால் சரி, பேசு. பெயர் வரவில்லை என்றால் போன் அலமாரிக்குப் போகும், என்னுடையதும் சேர்த்து. என் மகள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறாள். பெரும்பாலும் என்னிடம்.